பட்டாசு ஆலை விட்ட பிறகு வரும் அழைப்புகள்

செல்போன் கம்பெனியின் சிவகாசி ஆபீஸில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்த புதிது. ஒரு திங்கட்கிழமை காலை மாரியம்மாள் என்கிற அக்கா கவுன்டருக்கு வந்து தன் போனை டக்கென்று வைத்தார். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பட்டாசு ஆலையில் வேலை.

"டவர் முழுசாத்தான் காட்டுது. சாயங்காலம் கால் போட்டாப் போக மாட்டேங்குது. எத்தன தடவ கம்ப்ளெயின்ட் சொல்லணும் தம்பி?"

அவர் மகளுக்கு வீசிங். அவர்கள் எப்போதும் காட்டும் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிய பிறகும் போனை எடுப்பார். பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைப் போனிலேயே கேட்டு, வீட்டில் என்ன செய்யலாம், எப்போது கிளம்பி வரவேண்டும் என்று சொல்லிவிடுவார். முந்தின சனிக்கிழமை அவருக்குக் கால் போகவே இல்லை. போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஆக்சிஜன் வைத்துத்தான் பிள்ளையைத் தேற்றியிருக்கிறார்கள்.

"இன்னொரு தடவ இப்படி ஆனா எம்புள்ள தாங்காது" என்றார்.

வேறு கம்பெனிக்கு மாறவும் வழியில்லை. அந்தப் பக்கம் எங்கள் டவர் ஒன்றுதான்.

சிஸ்டத்தில் பார்த்தால் அவர் கொடுத்த எல்லாப் புகாரும் க்ளோஸ் ஆகியிருந்தது. புகார் கொடுத்தவரை ஆபீஸ் நேரத்தில் மூன்று தடவை கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் க்ளோஸ். அதுதான் எங்கள் ரூல்.

மேனேஜர் உள்ளே இருந்தே சத்தம் கொடுத்தார். "கூப்பிட்டா எடுக்கணும்லம்மா. எங்காளு அங்க போய் டெஸ்ட்டும் பண்ணியாச்சு. சிக்னல் பக்கா."

"எப்ப வந்தாக?"

"பகல்லதான்."

"பகல்ல எம்போனு ஆலை கேட்ல கெடக்கும் சார். உள்ள விடமாட்டாக. மருந்து அடைக்கிற கையில போனப் பிடிச்சு உங்களுக்குப் பதில் சொல்லவா? வெடிச்சா நீங்க வந்து அணைப்பீகளா?"

கவுன்டரில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னை அனுப்பிவிட்டு அம்மா போனது பட்டாசு ஆலைக்கு. பகலில் அம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று நாங்கள் நினைப்பதே இல்லை.

அன்று சாயங்காலம் டெஸ்ட் போனோடு அந்த ஊருக்குப் போனேன். ஆலை வேன்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கின. எல்லார் காதிலும் போன். பகலெல்லாம் சும்மா கிடந்த டவரில் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறுகின்றன. டவர் தாங்கவில்லை; அதனால்தான் சிக்னல் முழுசாகக் காட்டியும் கால் போகவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன்.

"டவர்ல இன்னும் நெறய கால் ஏறுற மாதிரி இன்னொரு கேரியர் போடணும்னா மதுரை ஆபீஸ் ஓகே சொல்லணும். ஒரு கம்ப்ளெயின்டும் ஓப்பன்ல இல்லாத டவருக்கு எவன்யா குடுப்பான்?"

"ஓப்பன் பண்ணுவோம் சார். ஆலை விட்டதும் நேர்ல போய் புகார வாங்கிட்டு வர்றேன்."

"நீ வர்றதுக்குள்ள ஆபீசப் பூட்டிருவோம்யா."

"அந்த டாக்டரும் கிளினிக்கப் பூட்டிட்டுத்தான் சார் போன எடுக்காரு."

மேனேஜர் ஆபீஸ் சாவியை என் பக்கம் தள்ளினார். "நீயே பூட்டிட்டுப் போ."

அந்த வாரம் முழுக்க வேன் நிற்கும் இடத்தில் நின்றேன். முதல் நாள் ஒருத்தர், "ஏலே, சிம்மு விக்க வந்துட்டான், ஓடுங்கலே" என்றார்.

"விக்க வரல. நம்ம சொல்றதக் கேக்க வந்திருக்காப்ல. நில்லுங்க" என்று மாரியம்மாள் அக்கா மறித்தார். ஒவ்வொருவராக நின்று சொன்னார்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பதிந்தேன். அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலும் கால் போகாது; அதுதான் புகாரே என்பதால், அவற்றை க்ளோஸ் பண்ண யாராலும் முடியவில்லை.

மதுரையில் ஓகே ஆனது. கேரியர் போட்ட அன்று சாயங்காலம் மாரியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு அன்றைக்கும் இழுப்பு லேசாக இருந்தது. அக்கா டாக்டருக்குக் கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரிங் போனது.

"பாப்பா வாய்கிட்டப் பிடிங்கம்மா" என்றது டாக்டரின் குரல். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். பிள்ளை மூச்சு விட்டாள், இன்னொரு தடவையும் விட்டாள்.

"பயமில்ல. இன்ஹேலர் பம்ப்பக் குடுங்க. காலைல கூட்டிட்டு வாங்க. மூச்சு கூடுச்சுன்னா உடனே கூப்பிடுங்க, எடுப்பேன்."

அக்கா பம்ப்பை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார்.

இப்போது எந்தப் புகாரை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "உங்களுக்கு எப்ப வேல விடும்?"