விசில் டீச்சரின் மொழி

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு சிறு அறை உண்டு. ஒரு மேசை, ஒரு டெலிபோன் பலகை, ஒரு ஃபிளாஸ்க் டீ, அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக அதற்குள் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவர் குரல்தான். எந்த வார்டுக்கு எந்த எண் என்று அவர் பட்டியல் பார்த்ததில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒரு சின்ன மெட்டாக மனசில் வைத்திருந்தார். “பிரசவ வார்டு ஏறி இறங்கும். எக்ஸ்ரே ஒரே சுருதியில நிக்கும்” என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நாளும் லைன் மாறிப் போனதில்லை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி. ஜப்பானில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு அக்காவின் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தான். தம்பி மனைவி அகலத் தோளும் உரத்த குரலுமாக இருந்தாள். நீச்சல் சொல்லித்தருவது அவள் தொழில். வந்த மூன்றாம் மாதமே பக்கத்துப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் வேலை கிடைத்தது. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கியதால் பிள்ளைகள் அவளை ‘விசில் டீச்சர்’ ஆக்கிவிட்டார்கள்.

வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் தம்பிதான் நடுவில். இந்தப் பக்கம் திரும்பித் தமிழ், அந்தப் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழி. “ரெண்டு பேரும் பேசிப் பேசி என்னைச் சாப்பிட விடமாட்டேங்கிறீங்க” என்று அலுத்துக்கொள்வான். அவன் இருக்கும்வரை இருவருக்கும் பேச்சுக்குக் குறைவில்லை.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. மாரடைப்பு.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, இரண்டு பெண்கள் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். நடுவில் இருந்த நாற்காலி காலி. ஒரு மாலை அக்கா தம்பியின் சட்டையை மடிக்கும்போது உடைந்துபோய்த் தேம்பித் தேம்பி அழுதார். விசில் டீச்சர் ஓடிவந்து அவர் முதுகில் கை வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் குளத்தில் பிள்ளைகளை விரட்டக் கற்றுக்கொண்டது.

“அக்கா, மூச்சு விடு” என்றாள். பிறகு, “பயப்படாதே. காலை ஆட்டு.”

அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விசில் டீச்சர் தன் அம்மாவுக்கு போன் செய்வாள். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. பார்வை மங்கிவிட்டதால் எழுதினால் படிக்க முடியாது, குரல் மட்டும்தான். அந்த அரைமணி நேரம் விசில் டீச்சர் வேறு ஆளாக இருப்பாள். கிண்டலடிப்பாள், கோபிப்பாள், யாரையோ போலப் பேசிக் காட்டுவாள். போனை வைத்ததும் மறுபடி ஊமை. அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு நாள் சுருக்கென்றது. ‘இவ்வளவு பெரிய ஒரு பெண்ணை நாற்பது வார்த்தைக்குள்ளே அடைத்துவைத்திருக்கிறோமே’ என்று தோன்றியது.

மறுநாளே ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கினார். ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஐம்பத்திரண்டு வயசுல பரீட்சை எழுதப் போறீங்களாக்கா?” என்றார்.

“வீட்டுல ஒருத்தி பேச ஆளில்லாம இருக்கா தம்பி. எனக்கென்ன பரீட்சை?”

ஆனால் புத்தகம் ஒத்துவரவில்லை. பத்து வார்த்தையை மனப்பாடம் செய்தால் விடிவதற்குள் ஒன்பது ஓடிவிடும். இரண்டு மாதத்தில் மிஞ்சியது தலைவலிதான். புத்தகம் தட்டுமுட்டுச் சாமானோடு பரணுக்குப் போனது.

பிறகு ஒரு மதிய இடைவேளையில், கைபேசியில் எதையோ தேடப் போய், ஜப்பானிய ரயில் நிலைய அறிவிப்புகளின் ஒலிப்பதிவு ஒன்று அகப்பட்டது. ஒரு பெண் குரல். தெளிவு, நிதானம், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு சின்ன வளைவு. தொழில்காரி இன்னொரு தொழில்காரியை அடையாளம் கண்டுகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாமலே அந்த மெட்டை அக்கா ஒரு வாரம் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுக்கு மட்டும் பொருள் தேடித் தெரிந்துகொண்டார். அன்று மாலை ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்துவிட்டு, கதவைச் சாத்தும்போது, அந்த ரயில்காரியின் குரலிலேயே சொன்னார்:

“தோஆ கா ஷிமாரிமாஸ்.”

கதவு மூடப்போகிறது என்று அர்த்தம். விசில் டீச்சர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பி போன பிறகு, போனுக்கு வெளியே அவள் சிரித்து அக்கா கேட்டது அன்றுதான்.

அதோடு அந்த வீட்டில் படிப்பு நின்று விளையாட்டு ஆரம்பித்தது. டிவி ரிமோட்டை ஒருத்தி ஒளித்துவைப்பாள்; மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டும். வலது, இடது, இன்னும் மேலே என்று வழி சொல்வது அடுத்தவள் மொழியில்தான். அக்கா வலதையும் இடதையும் மாற்றிச் சொல்லி, விசில் டீச்சர் அலமாரியில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். துணி துவைக்கும் இயந்திரம் முதல் செருப்பு வரை ஜப்பானிய எழுத்தில் சீட்டு ஒட்டினார்கள். சீட்டைப் படித்தால்தான் அந்தப் பொருளைத் தொடலாம். படிக்க வராததால் முதல் வாரம் அக்கா குடை இல்லாமல் நனைந்துகொண்டு வேலைக்குப் போனார். நாடகத் தொடர் பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு, மாமியார் வசனத்தை அக்கா ஜப்பானிய மொழியிலும் மருமகள் வசனத்தை விசில் டீச்சர் தமிழிலும் பேசினார்கள். அவள் குரல் கொடுத்த மருமகள் எதற்கெடுத்தாலும் “மூச்சு விடு” என்றாள்.

எல்லாவற்றிலும் அக்காவுக்குப் பிடித்தது வார்த்தைச் சங்கிலி. ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால், அது முடியும் எழுத்தில் மற்றவள் அடுத்த வார்த்தையைத் தொடங்க வேண்டும். நம் அந்தாதி மாதிரி. ‘ன்’ என்று முடிகிற வார்த்தையைச் சொன்னவர் தோற்றார். சின்ன வயதில் அம்மாவோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதைத்தான் ஆடுவோம் என்றாள் விசில் டீச்சர். பாத்திரம் கழுவும்போது ஆடுவார்கள். ரொட்டிக்கு ‘பான்’ என்று பெயர். அது சட்டென்று அக்கா வாயில் வந்துவிடும். தோற்றவர்தான் மிச்சப் பாத்திரமெல்லாம் கழுவ வேண்டும் என்பதால் ஒரு வருஷம் அக்கா கை ஊறிப்போயே இருந்தது.

வார்த்தைகள் சேரச் சேர அக்காவுக்கு ஓர் ஆச்சரியம். அந்த மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வந்தது. “வாயைத் திறந்து பத்து நிமிஷம் பேசினாலும், கடைசியிலதான் வந்தானா வரலையான்னு தெரியுது. நம்மளை மாதிரியே” என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார்.

ஆனால் காது திறந்துவிட்டால் வேண்டியது மட்டுமா உள்ளே வரும்? ஒரு ஞாயிறு, அடுப்படியில் இருந்தபோது, ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அந்த அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. “திரும்பி வந்துடேன்.” மகள் சொன்ன பதிலும் புரிந்தது. ஒரே வார்த்தை. “மதா.” இன்னும் இல்லை. அக்கா கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டார். ‘மாட்டேன்’ என்று அவள் சொல்லவில்லையே. போன வருஷமாக இருந்தால் இது வெறும் சத்தமாகக் காதைக் கடந்து போயிருக்கும். அன்று முழுக்க அக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து விசில் டீச்சர் குளத்து ஓரத்தில் வழுக்கி, சிமெண்ட் படியில் முகவாய் மோத விழுந்தாள். தாடை எலும்பு முறிந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு வந்தது. பத்து மணிக்கு விசில் டீச்சர் போனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“நானா?” என்றார் அக்கா. அவள் தலையாட்டினாள்.

அக்கா காகிதத்தில் எழுதிவைத்ததை மெதுவாகச் சொன்னார். உங்கள் மகள் விழுந்துவிட்டாள், தாடையில் அடி, ஆஸ்பத்திரியில் பார்த்தோம், பயமில்லை. மறுமுனையிலிருந்து மடமடவென்று கேள்விகள் கொட்டின. அக்காவுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. “மெதுவா, தயவுசெஞ்சு மெதுவா” என்றார். விசில் டீச்சர் போனருகே குனிந்து “ம்ம்ம்” என்று முனகிப் பார்த்தாள். அது அந்த அம்மாவை இன்னும் பயமுறுத்திவிட்டது.

“யார் அழறது? பொய் சொல்றீங்க. மாப்பிள்ளைக்கும் முதல்ல ஆஸ்பத்திரின்னுதான் சொன்னீங்க. என் பொண்ணு செத்துட்டாளா?”

இது மட்டும் அக்காவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. பதிலுக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் இந்த முனை மௌனமாக இருந்தால் அந்த முனையில் பயம் வளரும் என்பது இத்தனை வருஷத்தில் அவர் கண்டது. எதையாவது சொல்லியாக வேண்டும்.

“ரிங்கோ” என்றார். ஆப்பிள்.

“என்னது?” என்றது மறுமுனை. அக்கா மறுபடி சொன்னார். “ரிங்கோ. உங்க முறை அம்மா.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சந்தேகத்தோடு, “கோரிரா.” கொரில்லா.

விசில் டீச்சருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அக்காவின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, பின்பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதிக் காட்டினாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ரா...க்கோ.” கடல் நீர்நாய்.

அந்தப் பக்கம் ஒரு கேவல். அதன் மேலேயே ஒரு சிரிப்பு. “ராக்கோவா! ‘ரா’ வந்தா வேற வார்த்தையே தெரியாது இவளுக்கு. நாலு வயசுலேர்ந்து இதேதான். பக்கத்துல இருக்காளா? இருக்கா, இல்லையா?”

“இருக்கா அம்மா. என் பக்கத்துல உக்காந்திருக்கா. எழுதிக் காட்டறா.”

“சரி, அவகிட்ட சொல்லு. கோமோரி. ரியில தொடங்கச் சொல்லு.” கோமோரி என்றால் வௌவால்.

அன்று முக்கால் மணி நேரம் ஆடினார்கள். கிழவியே ஜெயித்தாள். அந்த ஆறு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. தாடைக் கம்பியை எடுத்த பிறகும், மகளிடம் பேசி முடித்ததும், “அந்த ரயில் ஸ்டேஷன் குரல்காரியைக் கூப்பிடு” என்று அம்மா கேட்பாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அக்கா அதைக் கேட்டேவிட்டார். ஜப்பானிய மொழியில்தான் கேட்டார். தமிழில் கேட்டிருந்தால் குரல் உடைந்திருக்கும். அந்த மொழியில் வினைமுற்றைச் சரியாக வைக்கும் கவனத்தில் அழுகை பின்னால் நின்றது.

“உங்க அம்மா உன்னை வரச் சொல்றாங்க. எனக்குப் புரிஞ்சது. நீ எனக்காக இங்க இருக்கியா?”

விசில் டீச்சர் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தமிழில் பதில் சொன்னாள். “கொஞ்சம் உங்களுக்கு. கொஞ்சம் அவருக்கு. இங்கதான அவர் பேசின வீடு.” கொஞ்சம் யோசித்து, “அம்மாவுக்கும் வயசு. நான் போகணும் அக்கா.”

“போ” என்றார் அக்கா. “போகத்தான் வேணும்.”

கிளம்பும் நாளில் டாக்ஸி கீழே ஹாரன் அடித்தது. வாசலில் ஷூ நாடாவைக் கட்டி நிமிர்ந்து, விசில் டீச்சர் தன் மொழியில் சொன்னாள்: “இத்தே கிமாஸ்.”

வீட்டை விட்டு வெளியே கிளம்பும்போது அவர்கள் சொல்லும் வார்த்தை. அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார். இத்தே, போய். கிமாஸ், வருகிறேன். ஒரு எழுத்து கூடவோ குறையவோ இல்லை, போயிட்டு வர்றேன்.

“போயிட்டு வா” என்றார் அக்கா, தமிழிலேயே.

வந்தாள். ஐந்து மாதம் கழித்து, பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில். அம்மாவை விட்டு நெடுநாள் இருக்க முடியாமல் மறுபடி போனாள், மறுபடி வந்தாள். இப்போது பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே. வருகிற வருஷம் அக்காவுக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஒரு மாதமாவது தன்னோடு வந்து தங்கும்படி அந்த அம்மா கேட்டிருக்கிறார். அக்கா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறார்.