வாட்ச் மட்டும் ஏறிய மலை

சுமை தூக்கிப் பிழைக்கிற சகபாவிகளே, நமக்குக் கூலி தோளுக்கு மட்டுந்தான், காதுல வாங்குற பேச்சுக்கெல்லாம் ஒரு பைசா கிடையாது.

மேலகரத்துலேர்ந்து பார்த்தா எங்க மலை வெறும் கல்லுக்குவியல். ஏறினா நாக்குத் தள்ளிரும். உச்சியில இருக்கிற சின்னக் கோயிலுக்குத் தினமும் காலையில தண்ணிக் கேன் கொண்டு போறது என் வேலை. சர்க்கரைக்காரங்களும் ரத்தக்கொதிப்புக்காரங்களும் நடக்க வர்றதும் அந்நேரந்தான்.

புது ஷூ

சாரல் சமயம் குத்தாலத்துல குளிக்க வந்த புது ஷூ மாட்டின வெளியூர்க்காரர் ஒருத்தர், "இதெல்லாம் ஒரு மலையா?"ன்னுட்டு என்னை முந்திப் போனாரு. பாதி வழியில பார்த்தா, சறுக்குப் பாறையைக் கட்டிப்பிடிச்சுப் படுத்துக் கிடக்காரு. கேனை இறக்கி வச்சுட்டு, ஒவ்வொரு காலா எடுத்து வைக்கச் சொல்லிக் கீழே கொண்டு வந்து சேர்த்தேன். மண்ணைத் தட்டிட்டுப் போனை நீட்டினாரு பாருங்க: "அண்ணே, உச்சியில நிக்கிற மாதிரியே ஒரு போட்டோ எடுங்க."

டீக்கடை பெஞ்சு

மைதீன் பாய் முப்பது வருஷம் சவூதியில இருந்துட்டு வந்தவர். அவர் தினமும் மலை ஏறி நடக்கணும்னு துபாயில இருக்கிற மக ஒரு வாட்ச் அனுப்பியிருந்தா. எத்தனை அடி நடந்தார்னு அது அவ போனுக்கே சொல்லிரும். பாய் என்ன செஞ்சாருன்னா, வாட்ச்சைக் கழட்டி என் கையில மாட்டிட்டு, அடிவாரத்து டீக்கடையில உட்கார்ந்துட்டாரு. ஓசி டீக்கு ஆசைப்பட்டு நானும் தலையாட்டினேன். ரெண்டு மாசம் அவருக்காக நான் நடந்தேன், எனக்கும் சேர்த்து அவர் வடை தின்னாரு. கேட்டா, "மக மனசு நிம்மதியா இருக்குல்லா?"ன்னாரு.

துபாய் போன்

ஒருநாள் இறங்கி வந்தா, பாய் முகம் வெளுத்து நிக்காரு. மக போன்ல அழுதிருக்கா. மூணு நாளா வாட்ச் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா இருக்குன்னு காட்டுதாம், உடனே டாக்டர்கிட்ட போகணுமாம். துணைக்கு நானும் தென்காசிக்குப் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்துட்டு, பாய்க்கு ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு. வாசலுக்கு வந்து சிரிச்ச பாய், சட்டுனு நின்னு என் கையைப் பார்த்தாரு. நானும் பார்த்தேன். பயந்துட்டேன், பொய் சொல்ல என்ன இருக்கு? "ஏலே, அப்போ அது ஒன் நெஞ்சுல்லா!"ன்னாரு பாய்.

மக சொன்ன தீர்ப்பு

கையைப் பிடிச்சுத் திரும்ப உள்ளே இழுத்துட்டுப் போனாரு. கோளாறு எனக்குத்தான். இன்னும் கொஞ்ச நாள் கேன் தூக்கியிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டேனாம். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானேன்னு அங்கனயே கண்ணு கலங்கிருச்சு. பாய் அப்பவே மகளுக்குப் போன் போட்டு உண்மையை ஒத்துக்கிட்டாரு. மக சொன்னா: "வாட்ச் அந்த அண்ணன் கையிலேயே இருக்கட்டும் வாப்பா, நாளையிலேருந்து நீங்க நடங்க."

இப்போ அடிவாரத்துல பூ விக்கேன், பாய் மலையைத் திட்டிக்கிட்டே ஏறுதாரு. பதினாலு வருஷம் ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்காத ஆயுசு, பாய் ரெண்டு மாசம் ஏறாம இருந்ததுல கிடைச்சிருச்சு.