ஏறுகிறவன் நிற்க வேண்டும்

போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு மாட்டு முதுகில் அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு போய், ஏலக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டு வந்த பொதிமாட்டுக்காரன் நான். அப்போது மேலே வண்டி போகிற ரோடு கிடையாது. மனிதக் காலும் மாட்டுக் குளம்பும் போட்ட பாதைதான். இன்றைக்குக் கடைத்தெரு முக்கில் ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஒரு மோட்டார்க்காரனும் யார் முதலில் போவது என்று தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. எங்களுக்குச் சட்டம் எழுதித் தர ஆள் இல்லை. ஆனாலும் அந்த மலையில் யார் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏறுகிறவன் நிற்க வேண்டும், இறங்குகிறவன் போக வேண்டும். ஏறும் மாடு நின்றால் மூச்சு வாங்கிக்கொள்ளும். இறங்கும் மாட்டைப் பாரம் முன்னால் தள்ளும். அதனால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. நடந்து வருகிறவர்கள் மலைப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால், போகிற மூட்டை லேசாக இடித்தாலே போதும், கதை முடிந்தது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தால் ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லோரும் ஒதுங்க வேண்டும். குதிரையில் வரும் எஸ்டேட் துரைகூட முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்குவார்.

பாதி மலையில் ஒத்தைப்பாறை என்று ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரே ஒரு மாடு போகிற அகலம். முப்பது தப்படி நீளம் இருக்கும். வளைவு என்பதால் இந்த முனையில் நிற்கிறவருக்கு அந்த முனை தெரியாது. ஆகவே நுழையும் முன் ‘பொதி வருது’ என்று உரக்கக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தால் ஏறுகிறவன் அப்படியே நின்றுவிட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இது எனக்கும் என் மச்சானுக்கும் மட்டும் தகராறாகிப் போனது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவரும் பொதிமாட்டுக்காரர். எங்கள் மூத்த மகனுக்குக் காது குத்திய அன்று காலையில் அவர் மேலேயிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நல்ல நேரம் முடியப் போகிறது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், மச்சானைக் காணோம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். மாமன் முறை வரும் வேறொருவரை உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டேன். பிள்ளையின் காதில் பூசிய சந்தனம் காய்ந்த பிறகு மச்சான் வாழைத்தாரும் வெள்ளி அரைஞாணுமாக வியர்க்க விறுவிறுக்க வந்தார். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைத் தொட்டிலில் தூக்கி வந்தார்களாம். ஒத்தைப்பாறையில் அவர்களை முன்னால் விட்டு, கூட வந்தவர்களையும் விட்டு, நேரமாகிவிட்டதாம்.

“எனக்காக ஒரு நாழிகை நிக்க மாட்டீகளா மாப்ளே?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

“மாமன் மொறையவிட மாட்டுச் சோலி பெருசாப் போச்சுல்ல உங்களுக்கு” என்றேன். இந்த வாய்க்கொழுப்புக்கு நான் பட்டது கொஞ்சமல்ல. கொண்டுவந்த சீரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அதன் பிறகு ஐந்து வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. இடையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு நாலு வயது முடிகிறவரை காது குத்தவில்லை. “எங்கண்ணன் மடியில்லாம இவ காதுல ஊசி படாது. நீங்க போய்க் கூப்பிடுங்க” என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். “அவரு வரட்டும்” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தலை சீவும்போதெல்லாம் அந்த வெறும் காதைத் தடவிப் பார்ப்பாள், நான் பார்க்கிறேனா என்றும் பார்ப்பாள். தெருவில் பிள்ளையை ‘மூளிக்காது’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஐந்து முடிவதற்குள் குத்தியாக வேண்டும். எனக்கும் மனசு அடித்துக்கொண்டதுதான், ஆனால் வீறாப்பு விடவில்லை.

இந்த ஐந்து வருஷமும் ஒத்தைப்பாறையில் எப்படிச் சமாளித்தோம் என்றால், மணியை வைத்துத்தான். அவருடைய முன்மாட்டின் கழுத்தில் கீறல் விட்ட வெண்கல மணி. அந்தச் சத்தம் கேட்டால் நான் கூப்பிடாமல் கீழ்முனையில் நின்றுவிடுவேன். அவர் இறங்கி, என்னைப் பார்க்காமல் போவார். நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூப்பிட்டு, அவர் பதில் சொல்லிவிட்டால், நான்தான் முதலில் வாய் திறந்தேன் என்று ஆகிவிடுமே.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. அன்றைக்கு மச்சான் இறங்குகிறார் என்று முந்தலிலேயே யாரோ சொன்னார்கள். ஒத்தைப்பாறையின் கீழ்முனைக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மணிச் சத்தம் இல்லை. பக்கத்து ஓடை பெருகி இரைந்ததில் எந்த மணியும் கேட்காது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கூப்பிட வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆறு மாட்டில் முன்மாட்டைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். மேல்முனையில் மச்சானும் இதே கணக்குப் போட்டுத்தான் கூப்பிடாமல் நுழைந்திருக்கிறார். வளைவில் இரண்டு முன்மாடுகளும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.

என் மாட்டில் இரண்டு மட்டும்தான் உள்ளே வந்திருந்தன. மற்ற நாலும் வெளியே அகலமான இடத்தில் என் கூலியாளோடு நின்றன. மச்சானுடைய நாலு மாடும் உள்ளே இருந்தன. அவருக்குப் பின்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் பெண்கள் மூட்டையும் முடிச்சுமாக வந்து சேர்ந்தார்கள்.

நான் என் முன்மாட்டைப் பார்த்துச் சொன்னேன்: “ஏ மயிலை, எதுக்க வர்றவுகளுக்குக் கூப்பிட வாயில்லையான்னு கேளு.”

மச்சான் தன் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஏ செவலை, ஏறுறவுகதான் நிக்கணும், ஊருக்கே தெரியும்னு சொல்லு.”

“மயிலை, குரல் வந்தாத்தான நிக்க முடியும்.”

“செவலை, அந்தப் பக்கத்துலயும் குரல் வரலையே.”

பின்னாலிருந்து ஒரு பெண், “ஏப்பா, மாடுக பேசி முடிச்சா எங்களுக்கும் சொல்லுங்க, வீட்டுல பச்சப்பிள்ள அழுகும்” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அப்போது செவலையின் பின்னங்கால் வழுக்கியது. இரண்டு கல் பெயர்ந்து பள்ளத்தில் உருண்டன. சிரிப்பு அடங்கிவிட்டது. நியாயம் அவர் பக்கம்தான். நான்தான் பின்வாங்க வேண்டும். கூலியாள் வந்து இரண்டாவது மாட்டை மெல்ல வெளியே இழுத்துவிட்டான். ஆனால் மயிலை நகரவில்லை. தள்ளினேன், கெஞ்சினேன், திட்டினேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது.

மயிலை என் மனைவிக்குச் சீராக வந்த மாடு. அதைக் கன்றிலிருந்து வளர்த்துப் பழக்கியவர் மச்சான். அவர் செவலையின் கழுத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து நாக்கால் ஒரு சத்தம் கொடுத்து, “மயிலை, பின்னே. பின்னேடா கண்ணு” என்றார். மயிலையின் காது இரண்டும் விறைத்து நின்றன. ஒரு கால் பின்னே வைத்தது. அப்புறம் இன்னொன்று. பின்பக்கமாக நடக்க இந்த மாட்டுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பேசப் பேச அது நடந்தது. மூட்டை பாறையில் உரசாமல் நான் பிடித்துக்கொண்டே வந்தேன். பத்துத் தப்படி இருக்கும். என் ஆயுசில் அவ்வளவு நீளமான பாதையில் நான் நடந்ததில்லை.

வெளியே வந்து மலைப்பக்கம் ஒட்டி நின்றேன். மச்சான் என்னைக் கடக்கும்போது மயிலையின் முதுகில் கை வைத்து, “பொதி அழுத்திப் புண்ணு வச்சிருக்கு. வேப்பெண்ணெ போடச் சொல்லு” என்று மாட்டிடம் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வருஷ வைராக்கியம் என்னிடத்தில் இருந்தது. மாட்டின் முதுகைப் பார்க்கும் கண் இல்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். தினமும் அவளேதான் போட்டாள். எட்டு நாளில் புண் ஆறிவிட்டது.

அடுத்த நடை மலையேறியபோது ஓடை வடிந்திருந்தது. ஒத்தைப்பாறையின் கீழ்முனைக்கு வந்ததும் அந்தக் கீறல் மணி மேல்முனையில் தெளிவாகக் கேட்டது. பேசாமல் நின்றிருந்தாலே காரியம் நடந்திருக்கும். கூலியாள் பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்கட்டும் என்று வாயைக் குவித்து உரக்கக் கூப்பிட்டேன்.

“மச்சான், நான் நிக்கிறேன். நீங்க வாங்க.”

மணிச் சத்தம் நின்றது. மாடுகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கூப்பிட்டது தப்போ என்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“பிள்ளைக்குக் காது குத்தியாச்சா மாப்ளே?”

“இல்ல மச்சான்” என்றேன். பள்ளத்துக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னேன். “உங்களுக்காகத்தான் நிக்கிறோம்.”

அந்தக் கீறல் மணி அசைந்து, என்னைப் பார்த்து இறங்கி வர ஆரம்பித்தது.