டிரெஸ்ஸர் போட்ட ஊசியும் முத்துலட்சுமியின் கூடையும்

தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவனுக்கு ஒரு குறை உண்டு: வைத்தியம் பலித்துவிட்டால், வைத்தியம் நடந்ததையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். என்னைப் போலவே கட்டுப் போட்டும் ஊசி குத்தியும் காலம் தள்ளிய சக டிரெஸ்ஸர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

முத்துலட்சுமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சூரியநெல்லியில், புறப்பட நின்ற பஸ்ஸில். தலை முழுக்க நரை. துண்டு போட்டு சன்னல் இடத்தைப் பிடித்திருந்த ஒருவரிடம், "ஏன், ஒன் துண்டு நாள் பூரா கொழுந்து எடுத்துட்டு வந்து அசந்து போச்சோ? அதுக்கு ஒரு சீட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டாள். நான் சொல்லப் போவது அவளுக்கு இருபது வயதாக இருந்தபோது, எழுபதுகளில் நடந்தது.

ஒரே செடி

அட்டை கடித்த புண்ணைக் கழுவும்போது மனிதர்கள் எரிச்சலை மறக்க ஊர்க்கதை பேசுவார்கள். பாதி நோயை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். புதன்கிழமை தோறும் ஜீப்பில் வரும் டாக்டரம்மா, "புத்தி தடுமாறினவங்களை ஆறு மாசம் கழிச்சுக் கொண்டுவராதே, ஆறாம் நாளே கொண்டுவா" என்று சொல்லி, தன் பழைய புத்தகம் ஒன்றையும் கொடுத்திருந்தார். ஏழாம் வகுப்போடு நின்ற நான் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக அதைப் படித்தேன்.

ஒரு நாள் கங்காணி காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேடிக்கைக் கதை போலத்தான் ஆரம்பித்தார். "முத்துலட்சுமிக்கு என்னமோ ஆயிட்டுய்யா. மூணு நாளா ஒரே செடிய விட்டு நகரமாட்டேங்கா. மத்த செடியெல்லாம் 'என்னத் தொடாத'ங்குதாம். இந்த ஒண்ணு என்ன பாவம் பண்ணுச்சு, மொட்டையா நிக்கி!"

ஒரு மாதம்

நான் போய்ப் பார்த்தபோது அவள் காதில் துணியை அடைத்துக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை டாக்டரம்மா வந்து பார்த்து ஊசியும் மாத்திரையும் தொடங்கினார். மாமியாருக்கோ அவளை மலைக்குக் கீழே ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சங்கிலி போட்டுக் கட்டி வைப்பார்கள். போனவர்கள் திரும்பி வருவதற்குள் எஸ்டேட்டின் ஆள் பதிவான செக்ரோலில் பெயர் இருக்காது. புருஷன் தற்காலிக ஆள். நிரந்தரப் பெயர், தாய் வழியாக வந்தது, முத்துலட்சுமியுடையதுதான். அந்தப் பெயருக்குத்தான் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. பெயர் போனால் மூன்று பேரும் தெருவில்.

மாமியாரிடம் கெஞ்சிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் சீட்டோடு எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையிடம் போனேன். அதை இரண்டு தரம் படித்தார். "ஒரு மாசம் தர்றேன். அதுக்குள்ள காலையில பேர் கூப்பிடற பெரட்டுல வந்து நிக்கணும், எல்லாரையும் போலக் கொழுந்து எடுக்கணும். நானே வந்து எடை பார்ப்பேன். எனக்குத் தேயிலைதான் தெரியும் டிரெஸ்ஸர், மத்தது தெரியாது."

சாமி வந்தது

ஊசி போட்ட மூன்றாம் நாள் அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே செருகி, நாக்கு வெளியே வந்துவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் லயமே கூடிவிட்டது. வேப்பிலை, கற்பூரம், குலவை. மாமியார் மருமகள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, என்ன குத்தம் செஞ்சோம்?" என்று அழுதுகொண்டிருந்தாள்.

இது மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். இப்படி நேரலாம் என்று டாக்டரம்மா சொல்லி, மாற்று ஊசியும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் கற்பூரம் எரியும்போது சாமிக்கு ஊசி போட்டவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. முத்துலட்சுமி கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு, கட்டங்காப்பி கேட்டாள். கீழே கொண்டுபோகும் பேச்சு அன்றோடு நின்றது. மாமியார் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமியவே ஊசி போட்டு எறக்கிட்டீரே! நாளைக்கு ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னா, ஒம்ம வீட்டக் காட்டி விட்டுருவேன், ஆமா."

எடை

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் பெரட்டில் போய் நின்றாள். செடிகள் பேசுவது நின்றிருந்தது. ஆனால் மருந்தின் அசதியில் கை ஓடவில்லை. மற்றவர்கள் மூன்று கொழுந்து கிள்ளும் நேரத்தில் அவள் ஒன்று கிள்ளினாள். துரை சொன்னபடியே மத்தியான எடைக்கு வந்து நின்றார். யாருக்காவது அட்டை கடித்திருக்கிறதா என்று பார்ப்பவன் போல நானும் நின்றேன்.

அவள் கூடையைத் தராசில் மாட்டினார்கள். எடைக்காரர் முள்ளைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், எடையைச் சத்தமாக வாசித்தார். அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே அதிக எடை அவளுடையது! நடந்தது இதுதான்: அந்தக் கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும், மற்றவளுக்குத் தெரியாமல், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி இவள் கூடையில் போட்டிருக்கிறாள். தான் ஒருத்திதான் போட்டோம் என்று ஒவ்வொருத்திக்கும் நினைப்பு. என் மனைவியும் அதில் ஒருத்தி. கண் மூடுவதற்குச் சில மாதம் முன்புதான் என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

துரை முத்துலட்சுமியின் தளர்ந்த கையைப் பார்த்தார். தரையைப் பார்த்து நின்ற பெண்களையும், அவர்களுடைய பாதிக் கூடைகளையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஒருத்தி காலில் அட்டை தேடினேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார். "டிரெஸ்ஸர், அந்த ஊசிய நாளைக்கு மொத்தப் பேருக்கும் போட்டுரு."

பெயர் வெட்டப்படவில்லை. இரண்டு மாதத்தில் தன் கொழுந்தைத் தானே எடுத்தாள். தொடர்ந்து போட வேண்டிய ஊசியின் தேதியை நான் நினைவூட்ட வேண்டியிருந்ததே இல்லை. அதற்குப் பிறகு மற்ற லயங்களிலிருந்தும் ஆறாம் நாளே கூட்டி வரத் தொடங்கினார்கள். அதிகம் படிக்காத மனிதன் ஒருவன் பெருமைப்பட்டுக்கொள்ள அது போதும்.

முத்துலட்சுமியின் மகனும் மருமகளும் இப்போது எஸ்டேட்டில் நிரந்தரம், லயத்து வீடும் அவர்களிடமே இருக்கிறது, எங்கள் யார் வைத்தியத்துக்கும் கட்டுப்படாமல் அதன் கூரை மட்டும் இன்றைக்கும் ஒழுகுகிறது.