பஸ்ஸில் நான் பிள்ளைத்தாச்சி ஆன கதை

போன வருஷம் ஆடி மாதம். கல்வராயன் மலையில் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, மறுநாள் காலை வெள்ளிமலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். மதியம் இன்டர்வியூ. என் முதல் இன்டர்வியூ. இது ஊத்திக்கொண்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவோம் என்று வீட்டில் ஓப்பனாகவே சொல்லியிருந்தார்கள்.

பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இடது கண் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வெளிச்சம் மின்னியது. செத்தோம்! எனக்கு மைக்ரேன் வருவதற்கு அதுதான் சிக்னல். டாக்டர் கொடுத்த மாத்திரையை உடனே போட்டேன். இனி இருட்டும் அமைதியும் வேண்டும். ஆனால் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். குத்துப்பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தல ரொம்ப வலிக்குது. பாட்டக் கொஞ்சம் கம்மி பண்றீங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தலவலிக்கெல்லாம் பாட்ட நிறுத்துனா நாங்க பஸ்ஸே ஓட்ட முடியாதும்மா. எறங்குனதும் ஒரு டீ குடி, ஓடிப்பூடும்."

பக்கத்து சீட்டு அக்கா தன் பங்குக்கு, "ராப்பூரா போன நோண்டிக்கினு இருந்திருப்ப" என்றார். வீட்டிலும் இதே டயலாக்தான். அப்பா பவரே இல்லாத கண்ணாடிகூட வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டார். பாதி மண்டையில் சுத்தியல் அடி விழும்போது யாரிடம் போய் விளக்குவது? துப்பட்டாவைத் தலையோடு கழுத்தோடு சுற்றிக்கொண்டு கண்ணை மூடினேன்.

மாத்திரை போட்டு அரை மணி நேரம் இருக்கும். ஒரு வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

அவ்வளவுதான், சீனே மாறிவிட்டது. அக்கா என் முதுகைத் தடவியபடி காதோரம் குனிந்தார். "எத்தினி மாசம் கண்ணு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடியும் வாந்தி. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் அக்கா. "யோவ் கண்டக்டரு! புள்ளத்தாச்சிப் பொண்ணுய்யா இது! மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்து!"

பாட்டு நின்றது! டிரைவர் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸைக் குலுக்காமல் இறக்கினார். மூன்று பேர் எழுந்து நின்று என்னைப் படுக்க வைத்தார்கள். கண்டக்டரே வந்து வெயில் படாமல் ஷட்டரை இறக்கிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு செகண்ட் யோசித்தேன். சொன்னால் பாட்டு திரும்ப வந்துவிடும். கம்மென்று படுத்துவிட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. இப்போது வேறு பயம். ஊர்க்காரர் யாராவது ஏறி இதைக் கேட்டால், சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்குப் போய்விடும்.

"ஸ்டாண்டுக்கு வூட்டுக்காரரு வருவாரா கண்ணு?" என்றார் அக்கா.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலக்கா."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஐயோ, நீங்க நெனைக்கிற மாதிரி இல்லக்கா! இது மைக்ரேன். வெறும் தலவலி இல்ல, வாந்தி வரும், வெளிச்சம் சத்தம் எதுவும் ஆவாது. நீங்க பாட்ட நிறுத்திப் படுக்க வச்சீங்கல்ல, இதுக்கும் அதான் வேணும்."

"அடிப்பாவி! நான் வளைகாப்பு வரைக்கும் போய்ட்டேனே!" என்று என் தொடையில் ஓர் அடி போட்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது என் பையை எடுத்துக் கொடுத்தபடி மெதுவாகக் கேட்டார். "எங்கூட்டுக்காரியும் இப்படித்தாம்மா. லைட்ட அணைச்சிட்டு, டி.வி. சத்தத்தக் கொறைக்கச் சொல்லிச் சுருண்டு படுத்துக்கும். அப்ப அது நடிப்பு இல்லியா?"

"இல்லவே இல்லண்ணே. டாக்டராண்ட கூட்டிக்கினு போங்க."

அவர் "சரிம்மா" என்று தலையை ஆட்டினார்.

இன்டர்வியூவில் செலக்ட் ஆகிவிட்டேன், மாப்பிள்ளைப் பேச்சும் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்த நாளை நினைத்தால், எங்கோ ஒரு வீட்டில் அன்று சாயங்காலம் டி.வி. சத்தம் குறைந்திருக்கும் என்பதுதான் எனக்கு வேலை கிடைத்ததைவிடப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது.