நீலமாகாத கஞ்சி

கீறிய விரலுக்கு அயோடின் தடவுகையில், மேசையில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கையின்மீது ஒரு துளி விழுந்தது. பருக்கை கருநீலமாயிற்று. அக்கா காலமாகி இன்று பதினாறாம் நாள்.

ஐம்பதுகளின் இறுதி, ஸ்ரீரங்கத்து வீடு. கல்லூரியில் அக்கா விஞ்ஞானம் எடுக்க விரும்ப, அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்தார்.

"வயித்துல நடக்கறதைப் படிச்சு என்ன பண்ணப்போறே?"

"ஜீரணம் வாயிலயே ஆரம்பிக்கறதுப்பா. காட்டறேன்."

சமையலறையில் இரண்டு டம்ளர்களில் கஞ்சி ஊற்றி, ஒன்றில் தன் உமிழ்நீரைக் கலந்தாள். அம்மா பதறினாள். "தளிகை உள்ளுல எச்சிலா? அந்த டம்ளரை இனிமே யார் தொடுவா?"

கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் அயோடின் விட்டாள். மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். உமிழ்நீர் அதைச் சர்க்கரையாக்கியிருந்தால் ஆகாது. இரண்டுமே நீலமாயின. அப்பா விண்ணப்பத்தை மடித்தார்.

அம்மா அந்த எச்சில் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் சுடறதே. அடுப்புலேந்து எறக்கினதும் துப்பினா, இந்தச் சூட்டை எந்த வாய் தாங்கும்? எச்சில் மட்டும் தாங்குமா?" வேறு டம்ளரில் கஞ்சியை ஆற்றி வந்து நீட்டினாள். "ம், துப்பு."

கால் மணி கழித்து அயோடின் விட்டபோது, இம்முறை நீலமாகவில்லை. அப்பா அந்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "டம்ளரை நீதான் தேய்க்கணும்" என்றார்.

துக்கம் விசாரிக்க நேற்று வந்த அக்காவின் பழைய மாணவி சொன்னாள்: "இந்தச் சோதனைய செய்யறப்போ, 'கஞ்சி கைபொறுக்குற சூட்டுல இருக்கணும், இது எங்கம்மா கண்டுபிடிச்சது'ன்னு டீச்சர் வருஷாவருஷம் சொல்வாங்க சார்."