பொங்கிய நுரை

என் சித்தப்பாவின் சட்டையைத் துவைத்தால் கை நாறும். ஊசிப்போன எண்ணெயும் டீசலும் கலந்த நாற்றம், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பாஸ்பேட் சுரங்கத்தில் நுரைத்தொட்டி பார்ப்பவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே நுரைக்காரர்தான்.

அரைத்த கல்லைத் தண்ணீரில் கலக்கி, அந்த எண்ணெயை விட்டுக் காற்றை ஊதினால், பாஸ்பேட் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதை வழித்தெடுப்பார்கள். மணல் அடியில் தங்கிக் கழிவுக்குளத்துக்குப் போகும். நல்ல சரக்கில் பாதியும் கூடவே போய்த் தொலைந்தது. குளம் வீங்கி வீங்கி எங்கள் கொல்லைப்புறம் வரை வந்துவிட்டது. சாம்பல் நிறச் சகதி, பார்த்தால் சோறு இறங்காது.

புதுத் தொட்டிகள் வந்தன. சோதனை ஓட்டத்தில் சரக்கு கூடுதலாகவும் சுத்தமாகவும் கிடைத்தால் கழிவு குறையும், தெரு பிழைக்கும். இல்லாவிட்டால் குளத்தின் புதுக் கரை எங்கள் வீடுகள் மேல்தான்.

"நுரை மெலிசாத்தான் வரும், விடுங்க. வால்வைத் தொடாதீங்க," என்று சோதனை அன்று இன்ஜினியர் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு நுரை என்றால் விளிம்பைத் தாண்டிப் பொங்க வேண்டும். "என்னய்யா இது, சீக்காளி எச்சில் மாதிரி! நம்ம தெருவக் காப்பாத்த வேணாமா?" என்று எண்ணெய் வால்வைத் திறந்துவிட்டார். உடனிருந்தவர்களும் எங்கள் தெருக்காரர்கள்தான். தடுப்பதற்குப் பதிலாகக் கைதட்டினார்களாம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. எண்ணெய் மிஞ்சியதால் மணலும் நுரையில் தொற்றிக்கொண்டு ஏறிவிட்டது. உர ஆலை அந்தச் சரக்கே வேண்டாம் என்றது. புல்டோசர் குவியல் முழுவதையும் எங்கள் கொல்லைக் குளத்திலேயே தள்ளியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

சித்தப்பா அன்றும் நன்றாகச் சாப்பிட்டார். "ஆனா நுரை என்னமா வந்துச்சு தெரியுமா!" என்றார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுக் கரைக்கு அளக்க ஆள் வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. சித்தப்பா தானே ஓடிப்போய்ப் பிடித்தார். எங்கள் சமையலறை வாசலில் முளை அடித்தபோது குனிந்து பார்த்துவிட்டு, "அங்க கெட்டித் தரை சார், இறங்காது. ஒரு சாண் உள்ள தள்ளி அடிங்க," என்றார்.

உள்ளே சித்தி அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். சித்தப்பாவின் தட்டை மட்டும் மூட்டையில் சேர்க்காமல் வெளியே வைத்தாள்.